செபச் சங்கு ஊதும் நேரத்துக் கையெழுத்து

முகிலின் முகம் பார்த்தே மழையின் மனம் அறிந்த மதிநுட்பமே! மலைமுகட்டில் வான்நோக்கி நிற்கும் டிஷ்ஷை மகளெனப் பேணிய மாண்பே! விண்ணில் விரையும் செயற்கைக்கோள்களை வரிசையில் நிறுத்தி வருகைப்பதிவு எடுத்த வித்தகியே! அறுந்துபோகவிருந்த ஆயிரமாயிரம் பேச்சுகளை அறுந்துபோகாமல் காத்தும், அதற்கென ஒரு நன்றியும் கேட்டறியாத அடக்கத்தின் உருவே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஆபியா தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாகவும் காதாகவும், கோபம் வந்த நாட்களில் இடியாகவும் விளங்கிய எங்கள் மகெரிட்டா ஃபாலெயாஃபா அவர்களே!

மூச்சு வாங்கிக்கொள்கிறேன். இதற்குமேல் அடைமொழி கையிருப்பில் இல்லை.

இந்த மடலை எழுதும் பேறு எனக்கு வாய்த்தது தமிழ்ப்புலமையாலோ தகுதியாலோ அல்ல என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி, நம் மேலாளர் சோலோமோனா அதை அலுவலகம் முழுவதும் கேட்கச் சொன்னார்: "பெனி, நீயே எழுதிடு. இங்க சும்மா இருக்கறவன் நீ ஒருத்தன்தான்." ஆக, சும்மா இருக்கும் பெனியமினாவாகிய நான், மூன்று மதிய இடைவேளைகளைத் தியாகம் செய்து இதை எழுதினேன்; கடைசிப் பக்கத்தை இன்று விழாவுக்குச் சற்று முன்புதான் முடித்தேன். முன்கணிப்பு அறையில் பத்தொன்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்பதால், வாசிக்கப்போகும் நேரத்தையும் கணித்தே எழுதியிருக்கிறேன். சோலோமோனாவின் வரவேற்புரை ஐந்து நிமிடம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இருபது நிமிடம். நான் வாசிக்கத் தொடங்குவது நாலு முப்பத்தைந்துக்கு. முடிப்பது ஐந்துக்குச் சற்று முன்னே. முடித்தே ஆக வேண்டும்.

ஏனென்றால் ஐந்து மணிக்கு, அக்கா, இன்று ஓய்வுபெறும் உங்கள் அதிகாரம் முடிகிறது. கட்டுப்பாட்டு அறைக் கதவு உங்கள் விரல்ரேகையை மறந்துவிடும். ஆறேகாலுக்குச் சங்கு ஊதும். நம் நாட்டின் இரு தீவுகளிலும் ஊர் ஊராகச் சாலைகள் அடங்கி, வீட்டுக்கு வீடு பாய் விரித்து மாலைச் செபத்தில் அமர்வார்கள். அந்த இருபது நிமிடத்துக்கு, நாற்பத்தொரு டவர்களில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாதையைத் திறந்து வைக்கச் சொல்லும் தாளில் நான்கு ஆண்டுகளாக உங்கள் கையெழுத்துதான் இருந்தது. இன்றைய தாளில் யார் கையெழுத்து?

இந்தக் கேள்வி மூன்று வாரமாக நம் அறையில் கொசுவைப்போலச் சுற்றுகிறது. எல்லோர் காதிலும் கேட்கிறது. எல்லோரும் பக்கத்திலிருப்பவரைக் கடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். இப்போதும் நீங்கள் மாலைகளுக்கு நடுவே புன்னகைத்தபடி, ஓரக்கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இது என் முன்கணிப்பு. தவறென்றால் கை தூக்கவும்.

பாராட்டுக்கு வருகிறேன்.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று என் மாமியார் இன்றுவரை கேட்கிறார். "மழை வருமுன்னே பேச்சைத் தூக்கி வேற இடத்துல வைக்கிற வேலை" என்று சொல்லிப் பார்த்தேன். "துணி காயப்போடறவகூட அதைத்தான் செய்யறா, அவளுக்கு யாரு சம்பளம் தர்றாங்க?" என்றார். கோபப்பட முடியவில்லை. ஏனென்றால் உங்கள் முதல் முன்கணிப்புக் கருவியே ஒரு துணிக்கொடிதான்.

ஆபியாவுக்குப் பின்னே மலைமேல் ஒரு டிஷ், சவாயீ தீவில் இன்னொன்று. கனத்த மழைத்திரை டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவே இறங்கினால் சிக்னல் சர்க்கரைபோலக் கரைந்துவிடும். மழை வந்தபின் அடுத்த டிஷ்ஷுக்கு மாறினால் பாதிப் பேச்சு அறுந்திருக்கும்; வருமுன்னே மாற வேண்டும். கணினிகள் கைகொடுக்காத அந்நாட்களில், மலையடிவாரத்து மஞ்சள் வீட்டு அம்மாள் கொடியிலிருந்து துணி எடுப்பதை அறையின் சன்னல் வழியே கண்டு, எட்டே நிமிடத்தில் மழை என்று கணித்து, டிஷ்ஷை மாற்றிய மேதை நீங்கள்! அந்த அம்மாள் ஆக்லாந்திலிருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போனபோது இந்த நாட்டின் தொலைத்தொடர்பே தடுமாறியது என்பது எங்களில் மூத்தவர்கள் மட்டும் அறிந்த அரச ரகசியம்.

பிறகு வந்தது முன்கணிப்பு நிரல். ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்த கூட்டமல்லவா, முதல் வாரமே அதற்குத் 'தீர்க்கதரிசி' என்று பெயர் சூட்டினோம். மேகப்படங்களைப் பார்த்து அடுத்த கால்மணி நேரத்து மழையைச் சொல்லும். எந்த ஊரில் எத்தனை பேர் எப்போது பேசுவார்கள் என்று பழைய கணக்கைக் கொண்டு கணித்து, கேட்குமுன்பே அங்கே இடம் ஒதுக்கும். வானில் ஒரு செயற்கைக்கோள் அடிவானில் இறங்குவதற்கு முன்னதாகவே, எதிரே ஏறிவரும் அடுத்ததன் கையில் பேச்சை ஒப்படைக்கும். முதல் மாதம் மஞ்சள் வீட்டம்மாள் அதைத் தோற்கடித்தார். இரண்டாம் மாதம் சமம். மூன்றாம் மாதம் அது வென்றது. அன்று எங்களுக்கெல்லாம் கோக்கோ காய்ச்சிக் கொடுத்து, "ஜெயிச்சிட்டான்டா என் புள்ள!" என்று குதித்தவர் நீங்கள்தான். பழையதை மார்பில் கட்டிக்கொண்டு அழும் பழக்கம் உங்களிடம் இருந்ததில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை வெளியூரில் வளர்ந்தது. ஞாயிறு நண்பகலில் ஊர் உறங்கும் என்று எண்ணி, இருந்த இடத்தையெல்லாம் அள்ளி எங்கோ வைத்துவிட்டது. இங்கோ தேவாலயம் விட்டு, அடுப்புக்குழியைத் திறந்து, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பலுசாமியும் பன்றியும் உண்டு முடித்த கையோடு இரு தீவுகளும் ஒரே நேரத்தில் ஆக்லாந்தையும் சிட்னியையும் அழைக்கும்! நெட்வொர்க் திணறியது, திட்டுகள் மட்டும் தடையின்றி வந்து சேர்ந்தன. நீங்கள் திரையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பாவம்டா, நல்ல புள்ளதான். கோயிலுக்குப் போகாத ஊர்ல வளந்துடுச்சு. நாமதான் சொல்லிக்குடுக்கணும்."

சொல்லிக்கொடுத்தீர்கள். பிரசங்கம் எந்தெந்த ஊரில் நீளும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ரக்பி ஆட்டத்தின் இடைவேளையில் என்ன ஆகும், கப்பல் கரைசேரும்போது என்ன ஆகும், பள்ளித் தேர்வு முடிவு வந்தால் எந்த அத்தை முதலில் அழைப்பாள் என்பதுவரை சொல்லிக்கொடுத்தீர்கள். இன்று இந்த மண்டபத்தில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் மழை இறங்கி, பேச்சுகள் எல்லாம் சவாயீக்குத் தாவியிருக்கலாம். யாராவது கவனித்தீர்களா? இல்லை. அதுதான் அக்காவின் வேலை. அறுந்த பேச்சுக்கு ஆயிரம் பேர் திட்டுவார்கள். அறாத பேச்சுக்கு யார் வந்து நன்றி சொல்வார்? நடக்காமல் போன தொல்லைகளுக்கெல்லாம் சேர்த்து, முப்பத்து நான்கு ஆண்டு நிலுவையாக, எங்கள் நன்றி.

மணி இந்நேரம் நாலே முக்கால் இருக்கும். நான் தவிர்க்கப் பார்த்த பத்திக்கு வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கிறேன்.

பாராட்டு மடலில் பாராட்டப்படுபவரின் குறையைச் சொல்லக் கூடாது என்பது மரபு. எழுதுபவனின் குறையைச் சொல்லத் தடையில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரறிவாளனுக்கு ஒரு பேரெண்ணம் உதித்தது. செப வேளையில் இந்த நாட்டில் எவனும் ஃபோனைத் தொடுவதில்லை. தொட்டால் ஊர்ச் சபை, டப்பாவில் அடைத்த தகர மீன் ஒரு பெட்டி அபராதம் போடும். இருபது நிமிடம் ஊர் டவர்கள் வெறுமனே கிடக்கின்றன. அவற்றின் வானப் பாதையை மூடி, நகரத்துக்கும் ஹோட்டல்களுக்கும் கொடுத்தால் என்ன? கணக்குப் போட்டான். ஆயிரம் மாலைகளின் பதிவைத் தீர்க்கதரிசிக்கு ஊட்டினான். தீர்க்கதரிசி நூற்றுக்கு நூறு ஒப்புக்கொண்டது. கடல்தாண்டியிருக்கும் தலைமை அலுவலகம் மகிழ்ந்து, தங்க எழுத்தில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. அந்தப் பேரறிவாளன் அதைச் சட்டம் போட்டு, தன் இருக்கைக்கு மேலே, வருபவர் கண்ணில் தவறாமல் படும்படி மாட்டினான்.

அந்தச் சான்றிதழில் இருந்தது என் பெயர்.

அடுத்த ஆண்டு, சவாயீயின் தென்கரையில் மோசே என்ற மீனவரும் அவர் மைத்துனரும் பவளத்திட்டுக்கு வெளியே இருந்தபோது படகின் என்ஜின் நின்றது. மாலை ஆறு இருபது. கரை கண்ணுக்குத் தெரிந்தது. டவரின் சிவப்பு விளக்கும் தெரிந்தது. ஃபோனில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. மோசே மனைவியை மூன்று முறை அழைத்தார். டவர் விழித்திருந்தது; டவருக்கு மேலே வானப் பாதை மூடியிருந்தது. கால்மணி நேரம் கழித்துப் பாதை திறந்தபோது நீரோட்டம் படகைக் கரை முனைக்கு அப்பால், டவர் சிக்னல் எட்டாத மறைவுக்கு இழுத்துப் போயிருந்தது. இரண்டு இரவுகள். மூன்றாம் நாள் வேறொரு படகு அவர்களைக் கண்டது. உயிர் இருந்தது, உதட்டில் தோல் இல்லை.

பத்து நாள் கழித்து மோசே நம் அலுவலகத்துக்கு வந்தார், தென்னோலைக் கூடையில் இரண்டு சூரை மீனோடு. திட்ட வருகிறார் என்று நான் பிரிண்டருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. உங்கள் முன்னே உட்கார்ந்து, மெய்யாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார்:

"ஏம்மா, நாங்க செபம் பண்ணும்போது ஃபோனும் கண்ணை மூடிக்கிட்டு செபம் பண்ணுமா?"

உங்களை முந்திக்கொண்டு நான் சொன்னேன், பிரிண்டருக்குப் பின்னாலிருந்தே: "அண்ணே, அந்த நேரத்துல கூப்பிட்டாலும் உங்க வீட்ல எடுத்திருக்க மாட்டாங்களே?"

"எடுக்க மாட்டாதான். அவளாவது, செபத்துல ஃபோனை எடுக்கறதாவது! எடுக்க வேணாம் தம்பி. மணி அடிச்சாப் போதும். எவனும் கூப்பிடாத நேரத்துல கூப்பிடறான்னா, கூப்பிடறவன் சாகக் கெடக்கான்னு அவளுக்குத் தெரியாதா?"

மீனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மீன் நாற்றம் மூன்று நாளில் போய்விட்டது. அந்தச் சொல் போகவில்லை.

அன்று நீங்கள் என்னைக் கடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியிருப்பேன்; தீர்ந்திருக்கும். நீங்களோ என் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சொன்னீர்கள்: "கணக்கு சரிதான் பெனி. ஒரு தப்பும் இல்ல. அதுதான்டா பயமா இருக்கு."

மறுநாளே தலைமை அலுவலகத்துக்கு எழுதினீர்கள்: செப வேளையிலும் ஒவ்வொரு டவருக்கும் ஒரே ஒரு பாதை, ஒரே ஒரு அழைப்புக்குப் போதுமான அளவு, திறந்திருக்க வேண்டும். மறுத்தார்கள். எழுதினீர்கள். மறுத்தார்கள். நாற்பத்தொரு வெற்றுப் பாதைகளுக்காக ஹோட்டல் விருந்தினரின் திரைப்படம் தடுமாறும் என்றார்கள். ஏழாம் கடிதத்துக்கு அலுத்துப்போய், யாராலும் முடியாது என்று நம்பி, ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முன்கணிப்பை மீறித் திறந்து வைக்க விரும்பும் பொறியாளர், நாள்தோறும் தன் பெயரில் பொறுப்புத் தாளில் கையெழுத்திட்டு, அந்த இருபது நிமிடமும் கட்டுப்பாட்டு அறை இருக்கையில் நேரில் இருக்க வேண்டும், முறையீடு வந்தால் அவரே பதில் சொல்ல வேண்டும்.

அவர்களின் தீர்க்கதரிசி உங்களைப் படித்ததில்லை!

நான்கு ஆண்டுகள். ஞாயிறும் விடுமுறையும் பெருநாளும் உட்பட. டெங்கு வந்தபோது போர்வையோடு வந்தீர்கள். கடும்புயல் எச்சரிக்கை நாளில், எங்களையெல்லாம் வீட்டுக்கு விரட்டிவிட்டு நீங்கள் மட்டும் இருந்தீர்கள். ஆக்லாந்தில் மகள் திருமணம் நடந்த அந்த ஒரு வாரம் மட்டும் சோலோமோனா கையெழுத்திட்டார், ஏழு மாலையும் திருமண வீட்டுக்கு ஃபோன் போட்டு, "அக்கா, எந்தப் பட்டன்?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் மணமகளே எடுத்து, "பச்சை, மாமா, பச்சை!" என்றாளாம்.

உங்கள் நோட்டுப் புத்தகத்தை அனுமதியின்றிப் புரட்டினேன், மன்னிக்கவும். நான்கு ஆண்டுகளில் செப வேளையில் வந்த அழைப்புகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் நானூற்று முப்பது, நேரக் கணக்கை மறந்த நம் வெளிநாட்டுச் சொந்தங்கள். (எத்தனை பெட்டித் தகர மீன், யோசித்துப் பாருங்கள்.) அறுபத்தொன்று, மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் போனவை. மீதி நூற்று இருபத்தொன்று? அந்த இடத்தில் பென்சிலால் நீங்கள் எழுதியிருந்தது: "யாரோ. எதற்கோ. சேர்ந்தது."

இந்த மூன்று சொல்லை மிஞ்சிய பாராட்டு மடல் எனக்கு எழுத வராது. ஆனாலும் தாளில் இடம் இருக்கிறது; எனக்கும் சொல்ல இன்னும் பாக்கி இருக்கிறது.

இந்தக் கதையில் ஒருவர் இழந்தார். அவரை இந்த மண்டபத்தில் யாரும் பாராட்டப்போவதில்லை. உங்கள் கணவர் எத்துவாலே, பின்வரிசையில், வண்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டிருப்பவர். ஊரெல்லாம் பாயில் கூடி உட்காரும் அந்த வேளையில், நான்கு ஆண்டுகளாக அவர் வீட்டுப் பாயில் மட்டும் ஓரிடம் காலி. நாற்பத்தொரு ஊர்கள் நிம்மதியாகச் செபிக்கட்டும் என்று அவர் மனைவி செபத்துக்குப் போகவில்லை. போன மாதம் வாசலில் என்னை மடக்கினார்: "தம்பி, மழை வர்ற நேரத்தைச் சொல்றீங்க. என் பொண்டாட்டி வீட்டுக்கு வர்ற நேரத்தைச் சொல்ல ஏதாச்சும் மெஷின் வெச்சிருக்கீங்களா?"

சிரித்தேன். எனக்குச் சிரிக்கத்தான் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் கோக்கோ குடிக்கும்போது நீங்கள் கேட்டதற்கும் அதைத்தான் செய்தேன். "பெனி, நான் போனப்புறம் அந்தத் தாள்ல யாரு பேரு?" என்றீர்கள். "தீர்க்கதரிசியைக் கேளுங்கக்கா, முன்கூட்டியே சொல்லிடும்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடி கழுவினீர்கள். அதற்குப்பின் கேட்கவே இல்லை.

பத்து நாளுக்கு முன் பிரிண்டரில் ஒரு கடிதம் கிடந்தது. நம் அலுவலகத்தில் ஒரே பிரிண்டர். அதில் எந்த ரகசியமும் ஆறும்வரை தங்குவதில்லை. "பணிக்காலத்தை ஆறு மாதம் நீட்டிக்க வேண்டுகிறேன்." தேதி இடப்படவில்லை. கீழே உங்கள் பெயர். இன்று காலை அது உங்கள் கைப்பையின் பக்கவாட்டில் மடித்திருப்பதைப் பார்த்தேன். இந்த விழா முடிந்து, யாரும் தாளைத் தொடவில்லை என்று தெரிந்தால், மாலைகளோடும் பரிசுகளோடும் நேரே சோலோமோனாவின் அறைக்குப் போய் அதைக் கொடுக்கப்போகிறீர்கள். எத்துவாலேக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்க மாட்டார்.

பத்து நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அக்கா. சட்டத்துக்குள் இருந்த என் சான்றிதழ் என்னைப் பார்த்தது; நானும் அதைப் பார்த்தேன். அந்தத் தாளில் கையெழுத்திடுவது என்றால் மாலைதோறும் வீட்டுப் பாயை விடுவது, ஞாயிறு விருந்துக்குப் பின் தூங்காமல் பஸ் பிடிப்பது; இதெல்லாம் நான் மற்றவர்களிடம் சொன்ன காரணங்கள். உள்ளபடியான காரணம் வேறு. மூடச் சொன்னவன் நான். திறக்கச் சொல்லி அதே கை எழுதினால், தங்க எழுத்து பொய்யாகிவிடும். தவறு என் பெயரில் நாள்தோறும் புதுப்பிக்கப்படும். கேலி பேசித் திரிபவனுக்கு அது தாங்காது என்று நினைத்தேன்.

அப்போது தீர்க்கதரிசியின் திரையில் கண்ணை ஓட்டினேன். ஒரு செயற்கைக்கோள் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அது மறையவில்லை, இன்னும் நாலு நிமிடம் இருந்தது. ஆனால் அதன் கையிலிருந்த பேச்சுகள் எல்லாம் அடுத்ததற்கு மாறி முடிந்திருந்தன. போனபின் கொடுப்பது கைமாற்றம் அல்ல, துண்டிப்பு என்று என் முதல் வாரத்தில் நீங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டீர்கள். பத்தொன்பது ஆண்டு கழித்துப் பாடம் புரிந்த மாணவனைப் பெற்ற உங்கள் பொறுமை வாழ்க!

மணி ஐந்தாக ஏழு நிமிடம். கணிப்பு சரியாக இருந்தால்.

அக்கா, கைப்பையிலிருக்கும் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

இன்று மூன்றரை மணிக்கு, நீங்கள் மாலை மாட்டிக்கொண்டிருந்தபோது, பொறுப்புத் தாளில் என் பெயரை எழுதினேன். பேனா எழுதவில்லை என்று மூன்று முறை பொய் சொன்னேன். சோலோமோனா மூன்று பேனா நீட்டினார். கையெழுத்து கோணல். செவ்வாய்க்கிழமைகளை அவர் எடுத்துக்கொண்டார். பச்சைப் பட்டன்மேல் 'பச்சை' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மற்ற ஆறு நாளும் நான்.

என்னைப் பற்றித் தீர்க்கதரிசியிடம் கேட்டிருந்தால், பத்தொன்பது ஆண்டு விருந்துப் பதிவுகளை ஆராய்ந்து, "ஐந்தேகாலுக்கு இலை போட்டதும் வரிசையில் முதலாவதாக நிற்பான்" என்று தயங்காமல் சொல்லியிருக்கும். கணக்கு சரிதான். ஒரு தப்பும் இல்லை. இருந்தும், நாற்பத்தொரு பாதைகளையும் முன்கூட்டியே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க, நான் இலையைத் தாண்டிக் கட்டுப்பாட்டு அறைக்கு நடப்பேன். என் பங்குப் பன்றித்தோலை, மொறுமொறுப்பான பக்கத்தை, யாராவது வாழையிலையில் கட்டி வைக்கவும். இது வேண்டுகோள் அல்ல, அழுகை.

இந்த மடலுக்குப் புதுச் சட்டம் வாங்கவில்லை. என் இருக்கைக்கு மேலே தொங்கியதுதான். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

எங்கள் அறையின் அணையா விழிப்பே! வெயிலும் மழையும் உங்களைக் கேட்காமல் வந்துபோகும் நாட்கள் நூறு ஆண்டு நீளட்டும். முழங்கால் வலி மூட்டை கட்டட்டும். பேரப்பிள்ளைகளின் கூச்சலைத் தவிர வேறெந்த எச்சரிக்கை ஒலியும் உங்களை எழுப்பாதிருக்கட்டும். மஞ்சள் வீட்டம்மாளைப்போல, மழைக்குப் பயந்து துணி மட்டும் எடுத்து வாழுங்கள்!

எத்துவாலே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார். உங்கள் விருந்தைக் கட்டி வண்டியில் வைத்தாயிற்று. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு பத்துக்கு வீடு. பாயில் உங்கள் இடம் எது என்று மறந்திருந்தால் அவரைக் கேளுங்கள். அவருக்கு நன்றாகத் தெரியும்.

சங்கு ஊதும். ஊர் அடங்கும். ஆறு இருபதுக்கு உங்கள் ஃபோன் ஒரே ஒருமுறை ஒலிக்கும். பதற வேண்டாம், யாரும் சாகக் கிடக்கவில்லை. அது நான்தான். எடுக்காதீர்கள், கண்ணையும் திறக்காதீர்கள். மணி அடித்தாப் போதும். உங்கள் ஊர்ச் சபை அபராதம் போட்டால், ஒரு பெட்டி தகர மீன், என் பேரில்.

என்றும் உங்கள் அன்பில் நனைந்தும் திட்டில் காய்ந்தும் வளர்ந்த,
ஆபியா கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள் பதினால்வர்

(பதின்மூன்று கையெழுத்துகள் இங்கே உள்ளன. பதினான்காமவர் தன் கையெழுத்தை இன்று வேறொரு தாளில் இட்டுவிட்டார். அதையே இங்கும் இட்டதாகக் கொள்ளவும்.)